நான்கு கணக்குகளும் ஒரு பள்ளத்தாக்கும்

கீல்டர் ஏரியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2003-இல் முதுகலை படிக்க நியூகாசிலுக்கு வந்திருந்தேன். பிரித்தானியாவில் மனிதர்கள் கட்டிய ஏரிகளிலேயே அதிகக் கொள்ளளவு கொண்டது என்று சொல்லி, வெளிநாட்டு மாணவர்களை ஒரு சனிக்கிழமை பேருந்தில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். நகரத்திலிருந்து வடமேற்கே ஐம்பது மைல். போகப் போக வீடுகள் குறைந்தன, பிறகு ஆடுகள் குறைந்தன, கடைசியில் ஊசியிலை மரங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்கு நடுவே நீளமாக, கருநீலமாகத் தண்ணீர் கிடந்தது. கொள்ளளவு 20,000 கோடி லிட்டர் என்றார்கள். மனதுக்குள் நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். 7 டி.எம்.சி.

நான் மேட்டூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஸ்டான்லி நீர்த்தேக்கம் 93.47 டி.எம்.சி. பூண்டியையும் செம்பரம்பாக்கத்தையும் சேர்த்தால் வருகிற அளவுத் தண்ணீரை வைத்துக்கொண்டா இத்தனை பெருமை என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் சொன்னேன். அவன் நைஜீரியாக்காரன். கைன்ஜி அணையைச் சொல்லி அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்கச் சில ஆண்டுகள் ஆயின. படிப்பு முடிந்து இங்கேயே வேலை, கல்யாணம், மகள் என்று ஆன பிறகு ஏரிக்குப் பலமுறை போயிருக்கிறேன். மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது கரையில் நின்று கேட்டாள்: "ஏம்ப்பா, இதுக்கு அடியில என்ன இருக்கு?" பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான். படித்தபின் தெரிந்தது, இந்த ஏரி அந்தப் பள்ளத்தாக்கின் மீது போடப்பட்ட நான்காவது கணக்கு என்று. முதல் மூன்றும் அதற்கு முன்பே பொய்த்திருந்தன.

*

முதல் கணக்கு நிலக்கரி. வட டைன் ஆறு ஸ்காட்லாந்து எல்லையில் பிறந்து, ஹெக்ஸம் ஊருக்கு அருகே தென் டைனுடன் கலந்து, நியூகாசில் வழியாகக் கடலுக்குப் போகிறது. அதன் மேல்பகுதியில் பிளாஷெட்ஸ் என்ற இடத்தில் நிலக்கரி இருந்தது. எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்து ஊர்களில் கம்பளி ஆலைகள் இருந்தன. இரண்டையும் ஒரு ரயில் பாதை இணைத்தால் பணம் கொட்டும் என்று நிலப்பிரபுக்கள் சிலர் கணக்குப் போட்டார்கள். ஹெக்ஸத்திலிருந்து ரிக்கார்ட்டன் சந்திப்பு வரை 42 மைல் நீளத்துக்கு பார்டர் கவுண்ட்டீஸ் ரயில்வே போடப்பட்டு, 1862-இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

ஆனால் பிளாஷெட்ஸ் நிலக்கரி தரம் குறைந்தது. வேறு இடங்களிலிருந்து வந்த நல்ல கரியோடு அதனால் போட்டியிட முடியவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர் மெல்லத் தேய்ந்தது. பயணிகள் வண்டி 1956-இல் நின்றது, சரக்கு வண்டி 1958-இல்.

இரண்டாவது கணக்கு மரம். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் வழிகளை மறித்தபோது பிரித்தானியாவுக்கு மரத்தட்டுப்பாடு வந்தது. போர்முனைப் பதுங்குகுழிக்கும் மரம் வேண்டும், சுரங்கக் கூரையைத் தாங்கவும் மரம் வேண்டும். அடுத்த போருக்குத் தயாராக இருக்கவேண்டும் என்று 1919-இல் வன ஆணையத்தை அமைத்தார்கள். கீல்டரில் 1926-இல் நடவு தொடங்கியது. நார்த்தம்பர்லாந்து பிரபுவின் வேட்டைக்காடாக இருந்த நிலங்களும் பின்னர் ஆணையத்தின் கைக்கு வந்தன. 1930களின் வேலையின்மைக் காலத்தில், கப்பல் தளங்களிலும் சுரங்கங்களிலும் வேலை இழந்த இளைஞர்களை அரசு முகாம்களில் தங்கவைத்து இங்கே உடலுழைப்பில் பழக்கினார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று இதுதான் இங்கிலாந்தில் நட்டு வளர்த்த காடுகளில் மிகப் பெரியது.

காடு வளர்ந்தது. யாருக்காக வளர்த்தார்களோ அந்தத் தேவைதான் காத்திருக்கவில்லை. பதுங்குகுழிப் போர் அந்த வடிவத்தில் திரும்ப வரவில்லை. சுரங்கங்களில் மரத்தூணுக்குப் பதில் இரும்புத் தாங்கி வந்தது, பிறகு சுரங்கங்களே மூடப்பட்டன. அந்த மரம் இன்று கட்டுமானத்துக்கும் பலகைக்கும் போகிறது. நல்ல வருமானம்தான், ஆனால் முதலில் போட்ட கணக்கு அதுவல்ல.

மூன்றாவது கணக்கு இரண்டாவதன் பிள்ளை. இவ்வளவு பெரிய காட்டை வெட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமே, அவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நகரத் திட்டக்காரர் தாமஸ் ஷார்ப்பிடம் காட்டு ஊர்களை வரையச் சொன்னார்கள். எட்டு ஊர்கள் என்பது திட்டம். பள்ளி, கடை, மன்றம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. கட்டப்பட்டவை மூன்று: கீல்டர், பைர்னெஸ், ஸ்டோன்ஹோ. அவையும் அரைகுறைதான். அதற்குள் மோட்டார் ரம்பம் வந்துவிட்டது. பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். கார் வந்ததும் அந்த இரண்டு பேரும் தொலைவிலிருந்தே வந்துபோனார்கள்.

*

நான்காவது கணக்குக்கு வருகிறேன். என் தொழிலுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

1960களில் பிரித்தானிய நீர்வளத் திட்டக்காரர்கள், நூற்றாண்டின் முடிவுக்குள் நாட்டின் தண்ணீர்த் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று மதிப்பிட்டார்கள். வடகிழக்கில் அந்தக் கோடு இன்னும் செங்குத்தாக ஏறியது. காரணம் டீஸ் ஆற்று முகத்துவாரம். அங்கே உருக்காலைகள் விரிவடைந்தன. பில்லிங்ஹாமிலும் வில்ட்டனிலும் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் பெரிய வேதியியல் ஆலைகள் இருந்தன. இரண்டும் தண்ணீரை ஆறாகக் குடிப்பவை. ஐ.சி.ஐ.யின் தேவைக்காக டீஸ் ஆற்றின் தலைப்பில் கௌ கிரீன் நீர்த்தேக்கம் கட்ட முனைந்தபோது, பனியுகத்திலிருந்து அங்கே தங்கிவிட்ட அரிய மலைத்தாவரங்கள் அழியும் என்று தாவரவியலாளர்கள் நாடாளுமன்றம் வரை போராடினார்கள். தோற்றார்கள். 1971-இல் கௌ கிரீன் கட்டி முடிந்தது. ஆனால் கணக்குப்படி அதுவும் போதாது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பள்ளத்தாக்கில் சண்டை போடுவதைவிட, ஒரே பெரிய தேக்கம் கட்டி முடித்துவிடலாம் என்ற எண்ணம் வலுத்தது.

அதற்குக் கீல்டர் வசதியாக இருந்தது. மழை நிறைய, மனிதர் குறைவு. டைன் ஆற்றுத் தண்ணீர் எப்படி டீஸ் ஆலைகளுக்குப் போகும் என்றால், அதற்கும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். ஏரியிலிருந்து நகரங்களுக்குக் குழாய் கிடையாது. மதகைத் திறந்தால் தண்ணீர் ஆற்றிலேயே இறங்கும். கீழே ரைடிங் மில் என்ற இடத்தில் அதை எடுத்து, மேட்டுக்கு ஏற்றி, மலைக்கு அடியில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான சுரங்கப்பாதை வழியாகத் தெற்கே வேர் ஆற்றிலும் டீஸ் ஆற்றிலும் விடுவார்கள். மூன்று ஆறுகளை ஒன்றாகப் பிணைக்கும் ஏற்பாடு. நம் ஊரில் நதிநீர் இணைப்பு மேடைப் பேச்சாக இருந்த காலத்தில் இங்கே அதைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பொது விசாரணை நடந்தது. பள்ளத்தாக்கின் விவசாயிகளும் இயற்கை ஆர்வலர்களும், இவ்வளவு தண்ணீர் தேவையே வராது என்று வாதிட்டார்கள். அரசு அனுமதி கொடுத்தது. 1975-இல் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டே பிரித்தானியா பெரும் வறட்சியைக் கண்டது. வறட்சிக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். அந்தக் கோடையில் அணை வேண்டாம் என்று பேச யாருக்கும் வாய் வந்திருக்காது.

ஏறத்தாழ 15 லட்சம் மரங்களை வெட்டினார்கள். இரண்டாவது கணக்கின் மரங்கள் நான்காவது கணக்குக்கு வழிவிட்டன. முதல் கணக்கின் ரயில் பாதையும் பிளாஷெட்ஸ் நிலையமும் தண்ணீருக்குள் போயின. பண்ணைகள் போயின, ஒரு பள்ளிக்கூடம் போனது. சில டஜன் குடும்பங்கள் வெளியேறின. 1,140 மீட்டர் நீளம், 52 மீட்டர் உயரத்தில் மண்கரை எழுந்தது. லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயத்தை வடிவமைத்த ஃபிரெடரிக் கிப்பர்ட்டை அழைத்து, கரை இயற்கையான மேடுபோலத் தெரியும்படி அமைத்தார்கள். இன்று அதன்மேல் புல் மூடிக் கிடக்கிறது. 1982 மே மாதம் ராணி வந்து திறந்துவைத்தார். செலவு 16 கோடியே 70 லட்சம் பவுண்டு.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1980 செப்டம்பரில், இதே வடகிழக்கில் கான்செட் உருக்காலை மூடப்பட்டது. 140 ஆண்டு ஆலை. ஏறத்தாழ 3,700 பேர் வேலை இழந்தார்கள். டீசைடு உருக்குத் தொழில் போட்ட விரிவாக்கத் திட்டங்கள் சுருங்கின. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வேதியியல் ஆலைகள், வந்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்தப் பழகின. ஏரி நிரம்பியபோது அதன் தண்ணீரைக் கேட்க ஆளில்லை. பத்திரிகைகள் வெள்ளை யானை என்றன.

*

நிறுவனங்களுக்கு எவ்வளவு கணினித் திறன் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக, மூன்று வருட வளர்ச்சியை எடுத்து ஐந்து வருடத்துக்கு நேர்கோடாக நீட்டினேன். கோடு அழகாக இருந்தது. அதை நம்பி இரண்டு அடுக்குச் சர்வர்கள் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வியாபாரம் படுத்தது. குளிரூட்டிய அறையில் அந்தச் சர்வர்கள் விளக்குகளை மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றதைப் போய்ப் பார்த்தேன். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, திறன் போதாமல் ஒருநாள் அவர்கள் தளம் படுத்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

கீல்டர் கோப்புகளைப் படிக்கும்போது எனக்குப் பழக்கப்பட்ட இந்தப் பயம்தான் அங்கேயும் தெரிந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பொறியாளரைத் திட்டுவார்கள். ஏரி தேவைக்கு மேல் நிரம்பிக் கிடந்தால் யாரும் திட்டமாட்டார்கள். எனவே பிழை நேர்ந்தால் அது அதிகத்தின் பக்கமே நேரட்டும் என்று கை தானாகக் கோட்டை உயர்த்திவிடுகிறது. அது நேர்மைக்குறைவு இல்லை. ஆனால் அந்த உயர்த்தலுக்கு விலை கொடுப்பவர் கோடு போடுகிறவர் அல்ல, அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர். என் விஷயத்தில் சர்வர்களைப் பழைய விலைக்கு விற்றார்கள், அவ்வளவுதான். யாருடைய களத்துமேடும் மூழ்கவில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்த ஊர்க்காரர்கள் பலர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், தவறு என்று சொல்லமாட்டேன். அணை வந்தபின் எங்கள் வட்டாரத்தில் தோட்டக்குழாய்த் தடை வந்ததில்லை. 1995-இல் பக்கத்து யார்க்‌ஷயர் வறண்டு, லாரி லாரியாக இரவும் பகலும் தண்ணீர் அடித்தபோது எங்கள் குழாய்கள் ஓடின. 2022 கோடையிலும் அப்படியே. அணையில் மின்சாரம் எடுக்கிறார்கள். மீன் முட்டையிடும் இடங்கள் மூழ்கியதற்கு ஈடாக ஒரு சால்மன் பொரிப்பகம் வைத்தார்கள். கழிமுகத்தின் சாக்கடையும் குறைந்ததால், அரை நூற்றாண்டுக்கு முன் செத்துக்கிடந்த டைன், இன்று இங்கிலாந்தின் தலைசிறந்த சால்மன் ஆறுகளில் ஒன்று. ஆலைகள் மூடியதால் ஏரிக்கு வேலை இல்லாமல் போனது, அதே மூடலால் ஆற்றுக்கு மீன் திரும்பியது. 2009-இல் விரால் அடிப்பான் பறவை வந்து கூடுகட்டியது. ஊர்கள் இல்லாததால் இரவு அப்படியே இருட்டாக இருக்கிறது. 2013-இல் இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரமும் கிடைத்து, நட்சத்திரம் பார்க்க மக்கள் வருகிறார்கள்.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, அலுவலகத்தில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஐ.டி. நிறுவனங்கள் சொன்ன வாரம், சென்னையில் இருந்த என் குழுவோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நடுவில் எழுந்து, "சார், லாரி வந்துருச்சு, அஞ்சு நிமிஷம்" என்று குடத்தோடு ஓடினாள். அன்றைக்கு எனக்கு கீல்டர் பொறியாளர்களின் மேல் பெரிய மரியாதை வந்தது. அதிகமாகக் கட்டியவன் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆனாலும் ஒன்றை ஒதுக்கிவைக்க முடியவில்லை. பண்ணைகளைக் கேட்டபோது சொன்ன காரணம் உருக்கு. மீனும் நட்சத்திரமும் பின்னால் தற்செயலாக வந்தவை. நாற்பது ஆண்டு கழித்து வானிலை மாறித் தண்ணீர் தேவைப்படுவதை வைத்து, அன்றைய கணக்கைச் சரி என்று சொல்வது, பரீட்சையில் தவறான வழியில் சரியான விடை எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பது போல. பொதுப்பணத்தில் கட்டிய ஏரி 1989-இல் தனியார்மயமானது. அதை வைத்திருக்கும் நீர் நிறுவனத்தை 2011-இல் ஹாங்காங் குழுமம் ஒன்று வாங்கியது. வெளியேறிய விவசாயியிடம், உங்கள் நிலம் இன்னாருடைய சொத்தாகப் போகிறது என்று விசாரணையில் யாரும் சொல்லியிருக்க முடியாது. அது எந்தக் கோட்டிலும் இல்லை.

*

இதெல்லாம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மாயி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் கிடக்கிறது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் அணை முடிந்தது. அப்போது அவர் கைக்குழந்தை. ஊரைப் பார்த்த நினைவே இல்லை. ஆனாலும் தன் அம்மா சொன்னதை வைத்து எந்தக் காடு யாருடையது, கிணறு எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்வார். தஞ்சாவூர் அரிசி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "நம்மூரு தண்ணியில விளஞ்சது" என்பார். அதில் கோபமும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும். மேட்டூர்க் கணக்கு பொய்க்கவில்லை. ஜூன் 12 வந்தால் டெல்டா அந்த மதகைத்தான் பார்த்திருக்கிறது. அம்மாயிக்கு அந்த ஒரு பதிலாவது இருந்தது. கீல்டரில் ஊரை விட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் மகளோடு மறுபடி போனேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. ஏரியின் மேல்முனையில் பேக்கத்தின் என்ற இடத்தில், 1862 ரயில் பாதையின் கல்பாலம் மட்டும் மூழ்காமல் நிற்கிறது. அதன்மேல் நடந்தோம். பக்கத்தில் ஒரு சிறிய இரண்டாவது அணை இருக்கிறது. பெரிய ஏரியில் நீர் இறங்கினாலும் இந்த முனையில் சேறு தெரியக்கூடாது என்பதற்காகவே கட்டியது.

"மேட்டூர்ல தண்ணி குறஞ்சா நந்தி தெரியும்னு சொல்வீங்களே, இங்க அந்த மாதிரி எதாவது வெளிய வருமாப்பா?" என்றாள்.

மேட்டூரில் நீர் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே வரும். டெல்டா குடித்துத் தீர்ப்பதால் அப்படி வருகிறது. வறட்சி ஆண்டுகளில் அம்மாயி பஸ் பிடித்துப்போய், பரிசலில் ஏறி நந்தியைத் தொட்டுவிட்டு வருவார். போய்வந்த அன்று அதிகம் பேசமாட்டார்.

"இங்க வராது கண்ணு," என்றேன். "இந்தத் தண்ணி பெருசா எறங்குறதே இல்ல."

"ஏன்?"

"கேக்க ஆள் இல்ல."

அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, பழைய வரைபடத்தில் பிளாஷெட்ஸ் எங்கே என்று தேடத் தொடங்கினாள்.